புதன்கிழமைப் பாகற்காய்

கண்ணாயிரத்துக்கு எப்போதாவது கோபம் வரும் என்று சொன்னால் ஊரே சிரிக்கும். கோபம் அவரிடம் வந்துபோகிற விருந்தாளி இல்லை, ரேஷன் கார்டில் பேர் சேர்த்த ஆள். காபியில் சர்க்கரை கம்மி என்றால் கத்துவார், ஜாஸ்தி என்றாலும் கத்துவார், சரியாக இருந்தால் "இன்னிக்கி மட்டும் எப்பிடி சரியா போட்ட" என்று மனைவி கோகிலவாணியைக் குடைவார். சின்னசேலத்துக்குப் பக்கத்தில் மக்காச்சோளமும் மரவள்ளியும் போட்டுப் பிழைக்கிற மனுஷன். கேட்டவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. குணத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் கோபத்தில் ஒரு வார்த்தையை விட்டுவிட்டார் என்றால் அதைத் திரும்ப வாங்க மாட்டார். வம்பெல்லாம் அங்கேதான்.

அப்படி அவர் விட்ட வார்த்தைகளிலேயே பெரிய வார்த்தை, தங்கச்சி வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் விட்டது.

தங்கச்சி பெரியநாயகியைக் கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலை அடிவாரத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை நாராயணசாமி அதிர்ந்து பேசத் தெரியாத ஆள். பாடுபட்டுப் புது வீடு கட்டி, சொந்தபந்தத்தை எல்லாம் அழைத்து, முதல் பந்தியில் முதல் இலையில் கண்ணாயிரத்தை உட்கார வைத்தார். பக்கத்து இலையில் கண்ணாயிரத்தின் பங்காளி அய்யனார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. யாரோ ஒரு பையன் தூக்குப் போசியோடு வந்து கண்ணாயிரம் இலையில் பாகற்காய் வறுவல் வைத்தான்.

கண்ணாயிரம் வீட்டு வழக்கத்தில் பாகற்காய் காரியச் சோற்றில்தான் வரும். விருந்தாளிக்கு அதைப் போட்டால், உனக்கும் எனக்கும் இன்றோடு சரி என்று அர்த்தம். மலை அடிவாரத்தில் அந்த வழக்கமெல்லாம் கிடையாது. அங்கே அது தினம் தின்கிற காய். பெரியநாயகிக்குப் பிறந்த வீட்டு வழக்கம் தெரியும், ஆனால் அவள் அந்த நேரம் வாசலில் வருகிறவர்களுக்குச் சந்தனம் கொடுத்துக்கொண்டு இருந்தாள்.

கண்ணாயிரம் எழுந்து நின்றார். "உறவ முறிக்கணும்னா வாயால சொல்லு மாப்ள. எலையில வச்சி சொல்லாத. இனிமே உன் வூட்டு சோத்துல நான் கை நனைக்க மாட்டேன்."

நாராயணசாமிக்கு முகத்தில் ஈயாடவில்லை. அய்யனார் எதற்கு என்றே தெரியாமல் தானும் எழுந்து, பாதி அப்பளத்தைக் கையில் பிடித்தபடி பின்னாலேயே வந்துவிட்டார். வருகிற வழியில் பாயாச வாளி எதிரே வந்தது. முந்திரியும் நெய்யுமாக வாசனை அப்படி ஒரு தூக்கு தூக்கியது. வீராப்பாகப் போகிற மனுஷன் வாளியைத் திரும்பிப் பார்க்க முடியுமா? அன்றைக்கு வயிறும் எரிந்தது, மனசும் எரிந்தது. எது ஜாஸ்தி என்று அவருக்கே தெரியாது.

அதற்குப் பிறகு வருஷங்கள் ஓடிவிட்டன. அண்ணன் தங்கச்சி பேச்சு நிற்கவில்லை. கோவிலில் பார்த்தால் பேசுவார்கள், போனில் பேசுவார்கள். ஆனால் கண்ணாயிரம் அந்த வீட்டு வாசப்படி மிதிக்கவில்லை. நம்ம பக்கம் ஒரு வீட்டில் கை நனைத்தால்தான் ஒட்டும் உறவும். வாய்ப்பேச்சு எல்லாம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர்களோடு கூடப் பேசலாம்.

இப்போது பெரியநாயகியின் மகள் சுபஸ்ரீக்குக் கல்யாணம் கூடிவிட்டது. மாப்பிள்ளை உளுந்தூர்பேட்டை, மண்டபம் சின்னசேலத்தில். பெரியநாயகி தட்டில் வெற்றிலை பாக்கு பத்திரிகை வைத்து அண்ணன் வீட்டுக்கு வந்தாள்.

கண்ணாயிரம் அன்றைக்குச் சமாதானமாகத்தான் ஆரம்பித்தார். "வராம எங்க போவப் போறேன். மணையில பொண்ண குந்த வைக்கிறது நான்தானே. வந்து செய்ய வேண்டியத செஞ்சிட்டு, அட்சத போட்டுட்டு வந்துடுறேன். சாப்பாடு மட்டும் வேணாம். சொன்ன சொல்லு சொன்னதுதான்."

பெரியநாயகி அண்ணனுக்குத் தங்கச்சி, லேசுப்பட்டவளா. "தாய்மாமன் பச்சத்தண்ணி குடிக்காம மண்டபத்த வுட்டு எறங்கினா மாப்ள வூட்டுக்காரங்க இன்னா நெனப்பாங்க? என் பொண்ணு போற எடத்துல அவளுக்கு இன்னா மரியாத இருக்கும்? எலையில குந்தறதா இருந்தா வா. இல்லன்னா வராத. உன் மூஞ்சிய பாக்காமயே என் பொண்ணு தாலி கட்டிக்கட்டும்."

தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் போன பிறகு கண்ணாயிரம் வாசலில் கட்டியிருந்த மாட்டைத் திட்டினார். மாடு அவரையே பார்த்துக்கொண்டு அசை போட்டது.

வெளியே யாருக்கும் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. பத்திரிகை அச்சடிப்பதற்கு முன்னாலேயே கண்ணாயிரம் கள்ளக்குறிச்சியில் ஒரு கடையில் சுபஸ்ரீக்கு அரக்கு நிறத்தில் பட்டுப்புடவை எடுத்துப் பீரோவில் வைத்துவிட்டார். சுபஸ்ரீ பிறந்தபோது ஆஸ்பத்திரியில் முதலில் தூக்கிப் பிடித்தவர் அவர். அவருக்குப் பெண் பிள்ளை கிடையாது. அவள் கழுத்தில் தாலி ஏறுகிறபோது பக்கத்தில் நிற்க வேண்டும் என்று அந்த மனுஷனுக்கு உயிரே கிடந்து துடித்தது. இறங்கி வர ஒரு படி கிடைத்தால் போதும், இறங்கிவிடுவார். தானாகக் குதிக்கத்தான் கௌரவம் விடவில்லை.

இது ஒரு பக்கம் இருக்கட்டும். கண்ணாயிரத்துக்கு இன்னொரு குட்டு இருந்தது. அது பட்டுப்புடவையைவிட மோசம்.

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் ரோட்டில், ரைஸ் மில்லுக்கு எதிரே, தகரக் கூரை போட்ட ஒரு ஓட்டல் இருக்கிறது. போர்டில் 'பெங்காலி & இந்தியன் ஓட்டல்' என்று எழுதியிருக்கும். வங்காளம் என்ன துபாயிலா இருக்கிறது என்று கேட்காதவர்கள் கிடையாது. நடத்துகிற சுபல் தாசுக்கும் அவர் மனைவி மிதாலிக்கும் அந்தக் கேள்வி பழகிவிட்டது. ஒரு அடுப்பில் அவர்கள் ஊர்ச் சமையல், இன்னொரு அடுப்பில் நம்ம ஊர் தோசை, புரோட்டா. இரண்டையும் போர்டில் போடச் சொன்னார்கள், பெயிண்டர் தனக்குத் தெரிந்த மாதிரி போட்டுவிட்டுப் போனார். மில்லில் மூட்டை தூக்குகிற வங்காளத்துப் பிள்ளைகளும் கட்டட வேலைக்கு வந்தவர்களும் மதியமானால் பெஞ்சு பெஞ்சாக வந்து உட்காருவார்கள். சாப்பாட்டு விலை கையைக் கடிக்காது. சோறு கேட்கக் கேட்க வரும்.

கண்ணாயிரம் புதன்கிழமைதோறும் கமிட்டிக்கு வருவார். சோளம் ஏலம் விடுகிற மார்க்கெட் கமிட்டி. ஒரு புதன்கிழமை மழை பிடித்துக்கொண்டது, பசியும் பிடித்துக்கொண்டது. வழக்கமான ஓட்டலில் நிற்க இடமில்லை. எதிர்ப்பட்ட இந்தக் கடைக்குள் துண்டைத் தலையில் போட்டபடி நுழைந்தார். "சாப்பாடு" என்றார்.

தட்டில் சோறு வந்தது. அதன் பக்கத்தில் முதல் கறியாகப் பாகற்காய் வந்தது.

முருங்கைக்காய், வாழைக்காய், கத்திரிக்காய் எல்லாம் கடுகெண்ணெயில் வதக்கிப் போட்டு, கடுகு அரைத்து விட்டு, பால் சேர்த்து, வெளுப்பாக ஒரு குழம்பு. அதில் வட்ட வட்டமாகப் பாகற்காய். கண்ணாயிரத்துக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பெஞ்சைத் தள்ளிக்கொண்டு பாதி எழுந்தார். எழுந்தவர் சுற்றிப் பார்த்தார். கடை முழுக்க அத்தனை பேர் தட்டிலும் அதேதான். அத்தனை பேரும் அதைத்தான் முதலில் பிசைந்துகொண்டு இருந்தார்கள். யாரும் யாரோடும் உறவை முறித்துக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. ஒருவன் தன் தட்டிலிருந்து பக்கத்தில் இருப்பவனுக்கு எடுத்து வைத்துக்கொண்டிருந்தான்.

"இன்னாம்மா இது, மொதல்லயே கசப்ப வைக்கிற?" என்று கேட்டார்.

"எங்க ஊர்ல அப்படித்தாண்ணா. கசப்பு முதல்ல, கடைசியில இனிப்பு" என்றாள் மிதாலி. அவளுக்கு வேறு பெஞ்சில் சோறு கேட்டார்கள், போய்விட்டாள்.

சரி, இங்கே முறிகிறதுக்கு நமக்கு யார் உறவு இருக்கிறார்கள், பசிக்கு ஒரு வாய் போடலாம் என்று உட்கார்ந்தார். ஒரு வாய் போட்டார். இன்னொரு வாய் போட்டார். அட பாவிகளா, இத்தனை நாள் இதை ஒளித்தா வைத்திருந்தீர்கள் என்று தோன்றியது. கசப்பு நாக்கில் ஏறி நின்றது, பிறகு பாலும் கடுகும் வந்து அதைத் தட்டிக்கொடுத்தன. அதற்குப் பிறகு பருப்பு, பிறகு கோமுகி அணை கட்லா மீன் குழம்பு, கடைசியில் வெல்லம் போட்ட அரிசிப் பாயசம். தட்டை வழித்துவிட்டு வெளியே வந்தபோது மழை நின்றிருந்தது. அது அவருக்குத் தெரியவே இல்லை.

அன்றிலிருந்து புதன்கிழமை தவறவில்லை. பாகற்காயால் தங்கச்சி வீட்டை விட்டு எழுந்து வந்த மனுஷன், பாகற்காய் சாப்பிடுவதற்காகவே கமிட்டிக்கு ஓடினார். விற்க ஒன்றும் இல்லாத வாரத்திலும் "வெல நெலவரம் பாத்துட்டு வரேன்" என்று கிளம்பினார். கோகிலவாணி துண்டை முகர்ந்து பார்த்து, "இதுல இன்னா கடுகெண்ண வாசன வருது" என்று கேட்டாள். "கமிட்டியில எவனோ தலைக்கி தேச்சிகினு வந்தான், பக்கத்துல குந்தினான்" என்றார். எல்லாப் புதன்கிழமையும் ஒருத்தன் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்து இவர் பக்கத்திலேயே உட்காருவானா என்று அவள் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கிறவளிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம். புதன்கிழமை. கண்ணாயிரம் தன் வழக்கமான மூலைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மனசு சரியில்லை. காலையில் சுபஸ்ரீ போன் செய்து, "மாமா, நீங்க வரலன்னா நான் மணையில ஒக்கார மாட்டேன்னு சொல்லமாட்டேன். ஒக்காருவேன். ஆனா அழுதுகினே ஒக்காருவேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அது அவருக்கு நெஞ்சில் மாட்டிக்கொண்டு இறங்கவில்லை. மனசு சரியில்லாத நாளில் சாப்பாடு ஜாஸ்தி போகிற ஆள் அவர். பாகற்காய்க் குழம்பு இரண்டாம் தடவை வாங்கி, ஒரு பெரிய கவளமாக உருட்டி வாயில் போட்டார்.

பின்பக்கம் ஒரு டிவிஎஸ் எக்ஸெல் வந்து நின்றது. சாக்கு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு ஆள் சமையல்கட்டு வழியாக உள்ளே வந்தார். மூட்டையை இறக்கி வைத்து, நிமிர்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்தார். நாராயணசாமி.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கண்ணாயிரம் வாய் நிறையப் பாகற்காய். முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கன்னம் இரண்டும் உப்பி, கண் இரண்டும் பிதுங்கி உட்கார்ந்திருந்தார்.

மிதாலிக்கு என்ன தெரியும் பாவம். மூட்டையைப் பிரித்துக்கொண்டே அறிமுகம் செய்து வைத்தாள். "அண்ணா, இவர்தான் நமக்குப் பாகக்கா கொடுக்கிறவர். இவர் காய் வரலன்னா எங்க ஆளுங்க சண்டைக்கு வருவாங்க." நாராயணசாமி பக்கம் திரும்பினாள். "இந்த அண்ணா புதன்கிழமைக்குப் புதன்கிழமை வருவார். உங்க காய்னா இவருக்கு உயிர். ரெண்டு தடவை கேட்டு வாங்குவார். போன வாரம் மூணு."

கண்ணாயிரம் கவளத்தை ஒருவழியாக உள்ளே தள்ளினார். தண்ணீர் குடித்தார். பிறகு, அவரிடம் மிச்சம் இருந்த ஒரே சாமான் கோபம், அதை எடுத்தார்.

"இது உன் தோட்டத்து காயா?"

"ஆமா மச்சான்."

"எத்தினி நாளா இங்க போட்டுகினு இருக்க?"

"கட தொறந்த நாள்லேருந்து."

கண்ணாயிரம் மனசுக்குள் புதன்கிழமைகளை எல்லாம் நினைத்துப் பார்த்தார். அத்தனை புதன்கிழமையும் மாப்பிள்ளை தோட்டத்துக் காய். மாப்பிள்ளை வீட்டுச் சோற்றில் கை நனைக்க மாட்டேன் என்றவர், மாப்பிள்ளை பாகற்காயில் முழங்கை வரைக்கும் நனைத்திருக்கிறார். கோபப்படலாம் என்று பார்த்தால் யார்மேல் படுவது என்று தெரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கோபம் வந்த வழியே திரும்பிப் போனது.

வேறு ஒருவராக இருந்தால் அந்த நேரத்தில் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருப்பார். நாராயணசாமி கேட்கவில்லை. எதிர்ப் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, மேஜையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"மச்சான், பாகக்கா பந்தலுக்கு கல்லுக்கால் இல்லாம நான் நின்னுகினு இருந்தேன். உங்க கொல்லையில இருந்தத புடுங்கி டிராக்டர்ல ஏத்தி நீங்கதான் அனுப்பினீங்க. ஞாபகம் இருக்குதா? அந்த பந்தல்ல மொத மொதல்ல எறங்கின காய் அது. வூடு குடிபோற அன்னிக்கி மொத எலையில, பந்தல் குடுத்தவருக்கு மொதல்ல வைக்கணும்னு நான்தான் சொல்லி வச்சேன். மத்த எலைக்கி வைக்கவே இல்ல. உங்க வூட்டு வழக்கம் எனக்கு தெரியாது. அப்பவே சொல்லலாம்னு பின்னாடியே ஓடியாந்தேன். நீங்க பஸ் ஏறிட்டீங்க. அதுக்கப்பறம் உங்க தங்கச்சி ஆரம்பிச்சப்பல்லாம் அந்த பேச்சே வேணாம்னு போன வச்சிட்டீங்களாம்."

அய்யனார் இலையில் பாகற்காய் இருந்ததா என்று அன்றைக்குக் கண்ணாயிரம் பார்க்கவே இல்லை. தன் இலையை மட்டும்தான் பார்த்தார். இத்தனை வருஷமும் அவமானம் என்று நெஞ்சில் தூக்கிக்கொண்டு திரிந்தது மரியாதையா என்று நினைத்தபோது, அழுகை வருகிறதா சிரிப்பு வருகிறதா என்று அவருக்கே பிடிபடவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"சாப்ட்டியா?" என்றார்.

"இல்ல மச்சான்."

"எம்மா, மாப்ளைக்கு ஒரு தட்டு வை."

மிதாலி தட்டு வைத்தாள், சோறு போட்டாள். குழம்புக் கிண்ணத்தைக் கண்ணாயிரம் அவள் கையிலிருந்து வாங்கி, தானே மாப்பிள்ளைக்குப் போட்டார். பிறகு தனக்கும் போட்டுக்கொண்டார். இரண்டு பேரும் தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். பருப்பு வந்தது, மீன் வந்தது. கண்ணாயிரம் தன் தட்டிலிருந்த மீன் தலையை எடுத்து மாப்பிள்ளை தட்டில் வைத்தார். நாராயணசாமி வேண்டாம் என்று சொல்லவில்லை.

பாயசம் வந்தபோதுதான் நாராயணசாமிக்கு வாய் திறக்கத் தைரியம் வந்தது. "மச்சான், மண்டபத்துல நீங்க கவலையே பட வேணாம். சமையல் மேஸ்திரிகிட்ட கண்டிசனா சொல்லிட்டேன். பாகக்கான்னு ஒரு பேச்சே இருக்கக்கூடாது, பச்சையா கூட எவனும் மண்டபத்துக்குள்ள எடுத்தாரக்கூடாதுன்னு."

கண்ணாயிரம் பாயசக் கிண்ணத்தை டக்கென்று கீழே வைத்தார். கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாகக்கா இல்லன்னா நான் எலையிலிருந்து எழுந்து போய்டுவேன், சொல்லிட்டேன்" என்றார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மிதாலியும் சுபல் தாசும் கடையைப் பூட்டிவிட்டுச் சின்னசேலம் மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள். சமையல் மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். கல்யாணச் சாப்பாட்டில் பாகற்காயா, என் பேர் என்னாவது என்று புலம்பினார். பாலும் கடுகும் கொதித்த வாசனை வந்ததும் ஒரு கரண்டி வாங்கி ருசி பார்த்தார். பிறகு புலம்பலைக் காணோம்.

காலையில் கண்ணாயிரம் மருமகள் கையைப் பிடித்து மணைக்கு அழைத்து வந்தார். அரக்குப் பட்டு அவளுக்கு அப்படி எடுப்பாக இருந்தது. சுபஸ்ரீ அழவில்லை. மாமாதான் அழுதார், மணையைச் சுற்றி இருந்த அத்தனை பேர் முன்னாலும், துண்டை வாயில் வைத்துக்கொண்டு. தாலி ஏறுகிற நேரம் மிதாலி நாக்கைச் சுழற்றி ஒரு குலவை விட்டாள் பாருங்கள், மேளக்காரர் ஒரு நொடி அடி தப்பிப் போனார். சின்னப் பெண்கள் எல்லாம் சாப்பாடு வரைக்கும் அதையே விட்டுப் பார்த்துக்கொண்டு திரிந்தார்கள். கோகிலவாணி மிதாலியிடம் போய் நின்று, அவள் முந்தானையை லேசாக முகர்ந்து பார்த்தாள். "அந்த கடுகெண்ண நீதானா தாயி" என்று சொல்லிச் சிரித்தாள். கண்ணாயிரம் காது கேட்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதல் பந்தி. முதல் இலையில் கண்ணாயிரம், ஒரு பக்கம் சம்பந்தி, மறுபக்கம் அய்யனார். உப்பு வைத்தார்கள், சோறு வைத்தார்கள். அதன் பக்கத்தில் முதல் கறியாகப் பாகற்காய் வந்தது. பந்தி முழுக்கச் சொல்லிவைத்த மாதிரி அமைதியாகிவிட்டது. நடந்த கதை தெரிந்தவர்கள் கண்ணாயிரத்தைப் பார்த்தார்கள். பெரியநாயகி கதவோரம் முந்தானையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

அய்யனார் தன் இலையைப் பார்த்தார். கண்ணாயிரம் இலையைப் பார்த்தார். போன தடவை பின்னால் எழுந்த மானக்கேடு அவருக்கு இன்னும் இருந்தது. இந்தத் தடவை முந்திக்கொள்ள வேண்டும் என்று வேட்டியைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தே விட்டார்.

கண்ணாயிரம் இடது கையால் அவர் தோளைப் பிடித்து அழுத்தினார். வலது கை அதற்குள் பாகற்காயோடு சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தது.

"குந்துய்யா" என்றார். "கடைசியில பாயாசம் வரும்."